கத்தி எவர் கையில்? – ஏட்டுக் கதையும் திரைக் கதையும்

நூலாகப் படித்த கதையைத் திரையில் கண்டு வெளிவருவோரின் பேச்சு பெரும்பாலும் ஒரே வகையானது. 'அந்தப் பாத்திரத்தை ஏன் விட்டுவிட்டார்கள்? அந்த நிகழ்ச்சி ஏன் வரவில்லை?' என்பதே அது. 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் 'பொன்னியின் செல்வன்' இரு திரைப்படங்களாக வெளிவந்தபோது, அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நம்மிடையே எழுந்த பேச்சும் இதுவேதான். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்து ஐந்து பாகங்களாக விரிந்த கதையை, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துள் அடக்கும்போது பல விடுபடத்தான் செய்யும். அது தவிர்க்க இயலாதது. ஆகவே, எது விடுபட்டது என்று மட்டும் கணக்கெடுப்பது பெரும்பயன் தராது.

அதனினும் ஆழமான இரு வினாக்கள் உள்ளன. கதை ஏட்டிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து திரைக்கும் செல்லும்போது, குற்றம் எவர்மேல் ஏற்றப்படுகிறது? மீட்பு எங்கிருந்து வருவதாகக் காட்டப்படுகிறது? இவ்விரு வினாக்களையும் நாம் கேட்போமாயின், ஒரே கதையின் இரு வடிவங்களும் நமக்கு இரு வேறு செய்திகளைச் சொல்வது புலனாகும். பழியை இடம் மாற்றுவது மாந்தரின் மிகப் பழைய வழக்கம் அன்றோ? தொடக்கநூலில் ஆதாம் பெண்ணைக் கைகாட்டுகிறான். பெண் பாம்பைக் கைகாட்டுகிறாள். கதை சொல்வோரும் கேட்போரும் இந்த வழக்கத்திற்கு விலக்கானவர்கள் அல்லர்.

இதற்குச் சான்றாகத் தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களில் நன்கு அறிமுகமான ஓர் அற்புதக் கதையை முதலில் நோக்குவோம். அது ஞானசௌந்தரியின் கதை.

கையிழந்த பெண்ணின் நெடும்பயணம்

தாயை இழந்த அரசிளங்குமரி ஞானசௌந்தரி. சிற்றன்னையின் பொறாமைக்கு ஆளாகிக் காட்டிற்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அங்கே அவளுடைய இரு கரங்களும் துண்டிக்கப்படுகின்றன. பிலேந்திரன் என்னும் இளவரசன் அவளைக் கண்டு, இரங்கி, மணம் புரிகிறான். அவன் போர்மேற் சென்ற வேளையில் சூழ்ச்சி மீண்டும் தொடர்கிறது. பெற்ற பிள்ளைச் செல்வத்தோடு அவள் மறுபடியும் காட்டிற்குத் துரத்தப்படுகிறாள். அங்கே தேவமாதாவின் அருளால் இழந்த கரங்களை மீண்டும் பெறுகிறாள், பிரிந்தவரோடு கூடுகிறாள். பங்குத் திருவிழாக்களின் இரவுகளில் விடியவிடிய நடிக்கப்பட்ட கதை இது. நாட்டுப்புறப் பங்குகளிலிருந்து தொழில் தேடி வந்து, 1960களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் பணியாற்றி, இங்கேயே வேரூன்றிய குடும்பங்களின் முதியோரைக் கேட்டால், இக்கதையை அறிந்தவர் பலர் இருப்பர்.

ஆயினும் இது தமிழ் மண்ணில் மட்டும் வழங்கிய கதை அன்று. ஐரோப்பாவெங்கும் பரவிக் கிடந்த 'கையிழந்த கன்னி' கதைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்திய அறிஞர்கள் இதற்கு 706 என்று எண்ணிட்டுள்ளனர். இக்குடும்பத்தின் பழைய வடிவங்களைப் படிக்கும்போது நாம் திடுக்கிட நேரும். ஏனெனில் அங்கே கொடியவள் சிற்றன்னை அல்லள்.

13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் பிலிப் தெ ரெமி என்பவர் இக்கதையை நெடும்பாட்டாக எழுதினார். அதில் ஹங்கேரி அரசன் மனைவியை இழக்கிறான். இறந்தவளைப் போன்ற தோற்றமுடைய பெண்ணையன்றி வேறொருத்தியை மணப்பதில்லை என்பது அவன் வாக்கு. அத்தகைய தோற்றம் உடையவள் அவனுடைய சொந்த மகளே. அந்தத் தகாத மணத்திலிருந்து தப்பும் பொருட்டு அவள் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறாள். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பசிலே என்பார் தொகுத்த கதையில் இந்தத் தகாத விருப்பம் உடன்பிறந்தவனுடையது.

19ஆம் நூற்றாண்டிற்கு வருவோம். செருமனியில் கிரிம் உடன்பிறப்பாளர்கள் 1812இல் வெளியிட்ட தொகுதியில் இக்கதை 31ஆவதாக இடம்பெற்றது. அங்கே தந்தை ஓர் ஏழை ஆலைக்காரன். செல்வம் தருவதாகச் சொன்ன அலகையிடம், ஆலையின் பின்புறம் நிற்பதைத் தருவதாக வாக்களிக்கிறான். ஆப்பிள் மரத்தைத்தானே கேட்கிறான் என்பது அவன் எண்ணம். அவ்வேளையில் அங்கே நின்றிருந்தவளோ அவனுடைய மகள். பின்னர் அலகையின் மிரட்டலுக்கு அஞ்சித் தந்தையே மகளின் கரங்களை வெட்டுகிறான். கத்தி இன்னும் தந்தையின் கையில்தான் இருக்கிறது. ஆனால் குற்றத்தின் பெரும்பகுதி அலகையின் தலைக்கு மாறிவிட்டது. தந்தை மகளையே மணக்க விழைந்ததாகக் கூறும் வடிவத்தையும் கிரிம் உடன்பிறப்பாளர்கள் அறிந்திருந்தனர். அதனைத் தங்கள் குறிப்புரையோடு நிறுத்திக்கொண்டனர்.

தமிழ் மேடைக்கு வரும்போது தந்தையின் கை முற்றிலும் தூய்மையாகிவிடுகிறது. அரசன் ஏதும் அறியாதவன், வஞ்சிக்கப்பட்டவன், இரக்கத்திற்கு உரியவன். கத்தி சிற்றன்னையின் ஏவலாட்களிடம் சென்றுவிட்டது. பெரும்பிழை இல்லத்தின் தலைவனிடமிருந்து விலகி, வெளியிலிருந்து இல்லத்திற்குள் வந்த பெண்ணிடம் தங்கிவிட்டது.

கீழ்ப்பாக்கத்தில் பிறந்த திரைப்படம்

தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியரெனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களுள் 'ஞானசௌந்தரி'யும் ஒன்று. 'வள்ளி திருமணம்' படைத்த அதே கை, தேவமாதாவின் அருளைப் பாடும் நாடகத்தையும் படைத்தது. இக்கதை கோவில் வளாகத்தைக் கடந்து, எல்லா மக்களுக்கும் உரிய மேடைக் கதையாக மாறியதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் பகுதியைச் சென்னை நகரோடு இணைக்கும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய கீழ்ப்பாக்கம், ஒரு காலத்தில் திரைப்பட நிலையங்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. அங்கே இயங்கிய சிட்டாடல் நிறுவனத்தார் 1948இல் 'ஞானசௌந்தரி'யைப் படமாக்கினர். இயக்கியவர் எப். நாகூர். ஜோசப் தளியத் அதன் ஆக்கத்திற்குப் பின்னின்றவர். டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்தனர்; எஸ். வி. வெங்கட்ராமன் இசையமைத்தார். தேவமாதாவை நோக்கி நாயகி பாடும் மன்றாட்டு, சிறுமியின் குரலாக ஜிக்கியாலும் வளர்ந்த பெண்ணின் குரலாக பி. ஏ. பெரியநாயகியாலும் பாடப்பெற்றது. திரைப்பாட்டாகப் பிறந்த அது கிறித்தவ இல்லங்களில் செபப்பாட்டாகவே ஆகிவிட்டது. அதே 1948இல் ஜெமினி நிறுவனமும் இதே கதையைத் தனியே படமாக்கியது. எனினும் மக்கள் உள்ளத்தில் நிலைத்தது சிட்டாடலின் படமே. 1961இல் கே. எஸ். சேதுமாதவன் இயக்கத்தில் மலையாளத்திலும் இக்கதை திரைக்கு வந்தது.

திரைப்படம் இக்கதைக்குச் செய்த பெருநன்மையை மறுப்பதற்கில்லை. எழுதப் படிக்க அறியாதவரும், பிற சமயத்தவரும் அன்னை மரியாவின் பரிவை அறிந்துகொள்ள அது வழிசெய்தது. எனினும் நாம் எழுப்பிய இரு வினாக்களையும் இங்கே கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது, மீட்பு. கிரிம் தொகுதியில் அந்தப் பெண் காட்டிலுள்ள ஒரு சிறு வீட்டில் 7 ஆண்டுகள் வாழ்கிறாள். வானதூதர் ஒருவர் அவளுக்குத் துணை நிற்கிறார். அவளுடைய இறைப்பற்றின் பொருட்டு, கடவுளின் அருளால், வெட்டுண்ட கரங்கள் மெல்ல வளர்கின்றன. எந்த நாளில் வளர்ந்தன என்று கதை சொல்வதில்லை. திரைப்படமோ கண்ணுக்குரிய கலை. 7 ஆண்டுகளின் மெல்லிய வளர்ச்சியைப் படக்கருவியால் காட்ட இயலாது. ஆகவே அன்னை தோன்றுகிறார், கரங்கள் மீள்கின்றன, அரங்கம் கண்ணீர் மல்கக் கைகூப்புகிறது. இதில் தவறில்லை. ஆயினும், காயமுற்ற உள்ளம் குணமாக ஆண்டுகள் பல ஆகும் என்னும் உண்மை இங்கே நம் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. துன்புற்ற ஒருவரிடம், 'செபித்தாயே, இன்னுமா உன் வருத்தம் தீரவில்லை?' என்று பொறுமையிழந்து கேட்கும் நம் போக்கிற்கு, ஒரே கணத்தில் நிகழும் திரை அற்புதங்களும் ஓரளவு காரணமாகலாம் அல்லவா?

இரண்டாவது, குற்றம். இதுவே பெரிதும் எண்ணத்தக்கது. மேடையும் திரையும் 'சித்தி' என்னும் சொல்லுக்கே ஒரு கருநிழலைப் பூசிவிட்டன. தாயிழந்த பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே எண்ணி வளர்த்து ஆளாக்கிய பெண்கள் நம் பங்குகளில் எத்தனை பேர்! அவர்கள் பிள்ளையை ஒரு நாள் கடிந்து பேசினால், தெரு முழுவதும் ஞானசௌந்தரியின் கதை நினைவுக்கு வருகிறது. அவர்கள் செய்யாத குற்றத்திற்கு இக்கதை நாள்தோறும் அவர்களைத் தண்டிக்கிறது.

மறுபுறமோ, பழைய வடிவம் அஞ்சாமல் சுட்டிய இடத்தை நாம் பார்க்க மறுக்கிறோம். பிள்ளைகளுக்கு நேரும் தீங்கு, அவர்கள் நம்பும் நெருங்கிய உறவினராலேயே நேரக்கூடும் என்பதை 13ஆம் நூற்றாண்டுப் பாட்டு ஒளிக்காமல் சொன்னது. நம் நாட்டில் 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டமும், உறவினரே பிள்ளையிடம் பாலியல் வன்கொடுமை புரிந்தால் அதனை மிகக் கடுமையான குற்றமாக வகுத்துள்ளது. சட்டம் சொல்லத் துணிந்ததை நம் கதை சொல்லாமல் விட்டுவிட்டது. கேட்போர் மனம் நோகாதபடி கத்தி கைமாறியது. அதனால் இல்லத்திற்குள் வாய்மூடி அழும் பிள்ளைக்குத் தன் துன்பத்தைச் சொல்ல ஒரு கதைகூட இல்லாமல் போயிற்று.

கடம்பூர் மாளிகையின் இருள்

இனி, தொடக்கத்தில் சுட்டிய 'பொன்னியின் செல்வ'னுக்கு மீள்வோம். இது அற்புதக் கதை அன்று; வரலாற்றுப் புதினம். எனினும் நம் வினாவிற்கு இது நல்லதோர் உரைகல்.

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது வரலாறு. இராசராசன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு, இக்கொலையில் தொடர்புடைய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைக் கூறி, அவர்களைச் சார்ந்தோரின் உடைமைகள் பறிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. அக்கொலையின் பின்னணி முழுவதையும் கல்வெட்டு விளக்கவில்லை. கல்கி இந்த இருளைத் தம் புதினத்தில் இருளாகவே வைத்தார். கடம்பூர் மாளிகையில் கரிகாலன் வீழ்கிறான். நந்தினி அங்கிருக்கிறாள், இரவிதாசனின் கூட்டம் அங்கிருக்கிறது, வந்தியத்தேவன் மீது பழி விழுகிறது, பெரிய பழுவேட்டரையர் தம் கையெறிந்த கத்தியே காரணம் என்று தாமே முன்வந்து சொல்கிறார். படிப்பவர் எவரையும் உறுதியாகக் குற்றவாளி எனத் தீர்மானிக்க இயலாமல் நூலை மூடுகிறார். வஞ்சமும் ஆசையும் பழைய காயங்களும் நிறைந்த ஓர் அறையில் பலருடைய கைகளும் கறைபட்டிருந்தன என்பதே அங்கே கிடைக்கும் உணர்வு.

மணிரத்னத்தின் இரண்டாம் படமோ அந்த அறைக்குள் நம்மை நேரே கொண்டுசெல்கிறது. அங்கே கரிகாலன், தான் நேசித்தவளின் கத்திக்குத் தன்னையே ஒப்புவிப்பவனாகக் காட்சியளிக்கிறான். படம் பார்ப்பவருக்கு அது உருக்கமான காட்சி. கொலை காதலின் துயர முடிவாகிறது. அரசியல் சூழ்ச்சி பின்னணிக்குப் போகிறது. படக்கருவி ஓர் அறைக்குள் நுழைந்தால் எதையேனும் காட்டியே ஆக வேண்டும். ஏட்டிற்கோ, விளக்கை அணைத்துவிட்டு அமைதி காக்கும் உரிமை உண்டு. அந்த அமைதியில்தான் படிப்பவரின் மனச்சான்று வேலை செய்யத் தொடங்குகிறது.

நெருப்பு மலையின் விளிம்பில்

கல்கியின் தொடர் முடிந்த அதே 1954இல், இங்கிலாந்தில் மற்றொரு பெருங்கதையின் முதற்பாகம் நூலாக வெளிவந்தது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்னும் அந்த அற்புதப் புனைகதையை எழுதியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். கத்தோலிக்கரான அவர், இளமையில் பெற்றோரை இழந்து, பர்மிங்காம் ஆரட்டரியைச் சேர்ந்த பிரான்சிஸ் மோர்கன் அடிகளின் பாதுகாப்பில் வளர்ந்தவர். தம் படைப்பு அடிப்படையில் சமய உணர்வுடையது, கத்தோலிக்கத் தன்மையுடையது என்று 1953இல் இயேசு சபையினரான நண்பர் ஒருவருக்கு மடலில் எழுதினார். ஆயினும் கதைக்குள் கோவிலோ குருவோ கிடையாது. சமயம் கதையின் அமைப்பிலேயே கரைந்திருக்கிறது.

தீய ஆற்றல் நிறைந்த ஒரு மோதிரத்தை நெருப்பு மலையில் எறிந்து அழிக்க வேண்டும். அப்பணியை ஏற்பவன் ஃப்ரோடோ என்னும் எளியவன். ஸ்மீகல் என்னும் இழிந்த உயிர் மோதிரத்தின்மீது கொண்ட ஆசையால் அவனைத் தொடர்கிறது. அதனைக் கொல்ல வாய்ப்புகள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் இரக்கத்தால் அது உயிரோடு விடப்படுகிறது. இறுதியில் மலையின் விளிம்பில் நிற்கும் ஃப்ரோடோ, பணியை முடிக்க மனமின்றி, மோதிரம் தனக்கே உரியது என்று அறிவித்துவிடுகிறான். நாயகன் தோற்றுவிடுகிறான்! அவ்வேளையில் ஸ்மீகல் பாய்ந்து அவன் விரலோடு மோதிரத்தைக் கடித்துப் பறிக்கிறது. மகிழ்ச்சியில் கூத்தாடி, கால் இடறி, மோதிரத்தோடு நெருப்பில் வீழ்கிறது. உலகம் மீட்கப்படுவது நாயகனின் வலிமையால் அன்று. முன்னர் அவன் காட்டிய இரக்கமே அவனையும் உலகையும் காப்பாற்றுகிறது. அந்த நாளை ஆசிரியர் மார்ச் 25 என்று குறித்தார். அது கிறிஸ்து பிறப்பின் அறிவிப்புப் பெருவிழா என்பதை நம் வாசகருக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

2001 முதல் 2003 வரை பீட்டர் ஜாக்சன் இதனை மூன்று திரைப்படங்களாக ஆக்கினார். மூன்றாவது படம் 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அதிலும் ஃப்ரோடோ மோதிரத்தைத் தனதாக்கிக்கொள்கிறான், விரலை இழக்கிறான். ஆனால் பின்னர் எழுந்து ஸ்மீகலோடு மோதுகிறான். இருவரும் போராடி விளிம்பிலிருந்து சரிகின்றனர். ஃப்ரோடோ பாறையைப் பற்றித் தப்புகிறான். ஒரு நிமிடக் காட்சி மாற்றந்தான். எனினும் ஏட்டில் இரக்கத்தின் கனியாக வந்த மீட்பு, திரையில் ஒரு மற்போரின் விளைவாகத் தோன்றுகிறது. நாயகன் இறுதியில் ஏதேனும் செய்தாக வேண்டும் என்பது திரைப்படத்தின் எழுதாச் சட்டம். கையறு நிலையில் அருள் வந்து தாங்கும் என்பதை அச்சட்டம் எளிதில் ஏற்பதில்லை.

நாம் செய்யத்தக்கது

இவற்றால் ஏடு உயர்ந்தது, திரை தாழ்ந்தது என்று நாம் முடிவுகட்டவில்லை. ஞானசௌந்தரியின் கதையில் கத்தியை இடம் மாற்றியது திரை அன்று. அதற்கு முன்னரே ஏடும் மேடையும் அதனைச் செய்துவிட்டன. திரை அதனை ஆயிரமாயிரம் பேர் உள்ளத்தில் நிலைநிறுத்தியது, அவ்வளவே. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணை, இக்கருவிகளைக் கண்டு அஞ்சி ஒதுங்கும்படி நமக்குச் சொல்லவில்லை. தீமையைச் சித்திரிப்பதும் மனிதனை ஆழமாக அறிந்துகொள்ள உதவக்கூடும் என்று ஏற்று, அறநெறியின் வரம்பையும் சுட்டி, தேர்ந்து பயன்படுத்தும் பொறுப்பைப் பார்ப்போரிடமும் கேட்போரிடமும் ஒப்படைத்தது.

கதை கேட்கும் முறையை விவிலியமே நமக்குக் கற்பிக்கிறது. பத்சேபாவின் பொருட்டு உரியாவைக் கொல்லச் செய்த தாவீது அரசனிடம் இறைவாக்கினர் நாத்தான் வருகிறார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்கிறார். அரசன் சினந்தெழுந்து அந்தச் செல்வனுக்குச் சாவுத் தீர்ப்பு வழங்குகிறான். அக்கணமே இறைவாக்கினர், கதையின் குற்றவாளி அரசனேதான் என்று கூறுகிறார். நாத்தான் அந்தச் செல்வனைத் தொலைநாட்டானாகவோ அலகையால் ஏவப்பட்டவனாகவோ காட்டியிருந்தால், தாவீது இனிய கதையொன்று கேட்ட நிறைவோடு உறங்கச் சென்றிருப்பான்.

கீழ்ப்பாக்கத்தின் பழைய நிலையங்கள் ஓய்ந்துவிட்டன. அதே நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்து செம்பரம்பாக்கத்தில் இன்று பெரும் படப்பிடிப்பு அரங்குகள் எழுந்து நிற்கின்றன. இனியும் கதைகள் திரைக்கு வரும். நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே அவற்றைக் காண்பர். கண்டு முடித்தபின் நாம் அவர்களோடு அமர்ந்து, நூலில் எது இருந்தது, படத்தில் எது இல்லை என்று பேசுவதோடு நில்லாமல், 'இதில் பழி எவர்மேல் விழுந்தது? அது சரியா? துன்புற்றவர் எவ்வாறு மீண்டார்?' என்றும் கேட்போமாக.

பங்குத் திருவிழாவில் ஞானசௌந்தரி நாடகத்தை மீண்டும் மேடையேற்ற விரும்பும் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். தேவமாதாவின் காட்சியை அப்படியே வையுங்கள். அது இக்கதையின் உயிர். அதனோடு, கரங்களைத் திரும்பப் பெற்ற மகள் தன் தந்தையின் முன் வந்து நின்று, 'அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள், அப்பா?' என்று கேட்கும் ஒரு காட்சியையும் சேர்த்துப் பாருங்கள். அரசன் என்ன விடை சொல்வான் என்பதை நடிப்போரும் பார்ப்போரும் சேர்ந்தே எண்ணட்டும்.